கந்துமா எல்லையில் ஒன்பதாம் பிரிவு

"இரு நாடுகளின் நட்பு என்பது ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்த இரண்டு சிங்கக்குட்டிகளின் பந்தம், அதைக் காலமும் பிரிக்காது, கடலும் பிரிக்காது, கயவர் சூழ்ச்சியும் பிரிக்காது." செனகல்–காம்பியா எல்லை நட்புறவு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் முகவுரை இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவன் நான். எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு நாட்டுக் குழுக்களும் கட்டடத்துக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தன. எந்தக் குழு எந்த வாசல் வழியாக உள்ளே நுழைவது என்பதில் தகராறு. கட்டடத்துக்கு ஒரே வாசல்தான்.

என் பெயர் தாப்சிர் மானே. எல்லை நட்புறவுக் கூட்டுக் குழுவில் செனகல் தரப்புக் குறிப்பெழுத்தர். குழு இரண்டு வருடங்களில் பதினான்கு முறை கூடியது. ஆடுகள் எல்லை தாண்டி மேய்ந்தால் என்ன செய்வது, வெங்காய லாரிகள் எந்தக் கிழமை வருவது, கால்பந்துக் கோப்பையை எந்த ஊர் எத்தனை மாதம் வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தத்தில் மொத்தம் இருபத்திரண்டு பிரிவுகள். இருபத்தோரு பிரிவுகள் சுலபமாக முடிந்துவிட்டன. ஒன்பதாம் பிரிவு மட்டும் நகரவில்லை. மற்றவற்றில் கையெழுத்துப் போட்டாலும் எதுவும் நடக்காது. ஒன்பதில் போட்டால் ஒரு காரியம் நடந்துவிடும். அதிகாரிகளுக்கு அந்த வேறுபாடு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

காரியம் இவ்வளவுதான். கந்துமாவில் காம்பியாப் பக்கம் ஒரு சின்னப் பிரசவ நிலையம் இருக்கிறது. அதை நடத்துபவள் நீமா சானே என்ற மருத்துவச்சி. சிக்கலான பிரசவம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் நாட்டு ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அப்பால், நாலு மணி நேரப் பயணம். எங்கள் நாட்டு ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டரில். ஆனால் நடுவே இரண்டு தடுப்புக் கம்பங்கள், அவர்களுடையது ஒன்று, எங்களுடையது ஒன்று. இடையே இருநூறு அடி தூரம். மாலை ஏழு மணிக்குச் சங்கிலி போட்டால் காலை ஏழு மணிக்குத்தான் எடுப்பார்கள். பகலிலும் வண்டிக்கு ஒரு முத்திரை, ஓட்டுநருக்கு ஒரு முத்திரை, படுத்திருப்பவளுக்கு ஒரு முத்திரை. நோயாளியோடு வரும் வண்டிக்கு எந்நேரமும் கேள்வி கேட்காமல் இரண்டு கம்பங்களையும் தூக்க வேண்டும் என்பதுதான் ஒன்பதாம் பிரிவு. அது நீமா கேட்டது. அவள் வேறெதையும் கேட்கவில்லை.

மற்ற பிரிவுகள் சுலபமாக முடிந்ததற்குக் காரணம் இரண்டு தலைவர்கள். எங்கள் தரப்புக்கு லாதிர் ஃபாய், செரெர் இனத்தவர். கண்ணாடி போலப் பளபளக்கும் காலணி, முன்னால் போகும் வயிறு. காம்பியத் தரப்புக்கு கெபா ஜாத்தா, ஜோலா. ஒடிசலான மனிதர், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு.

செரெரும் ஜோலாவும் எங்கள் பக்கத்தில் கேலி முறைக்காரர்கள். ஆதியில் இரண்டு சகோதரிகள் ஒரே ஓடத்தில் போனார்களாம், நடுவழியில் ஓடம் பிளந்ததாம், வடக்கே ஒதுங்கியவள் வயிற்றில் செரெரும் தெற்கே ஒதுங்கியவள் வயிற்றில் ஜோலாவும் பிறந்தார்களாம். அன்றிலிருந்து இரண்டு கூட்டமும் மாமன் மச்சான் மாதிரி. பார்த்த இடத்தில் வைதுகொள்ளலாம். வைதே ஆக வேண்டும். கோபப்பட மட்டும் உரிமை கிடையாது. கேட்டதை இல்லை என்று சொல்லவும் கூடாது.

வாசல் தகராறு நடந்த அந்த முதல் நாளிலேயே, வெயிலில் நின்றபடி லாதிர் ஃபாய்தான் ஆரம்பித்தார்.

"அந்த ஒல்லிப்பயல் யாரு, ஜோலாவா? டேய் அடிமை, எஜமான் வந்திருக்கேன். குடை பிடிக்க மாட்டியா?"

கெபா ஜாத்தா ஒரு கணம் திகைத்துப் போனார். பிறகு அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கவில்லை.

"குடையா? உன் வயித்தை மறைக்கப் பந்தல்ல போடணும். கம்பங்கூழ் குடிச்சுக் குடிச்சு உங்க கூட்டத்துக்கு வயிறு வளந்துச்சு, மூளை காஞ்சுது. எங்கப்பன் உன்னை விலைக்கு வாங்குனப்பவே சொன்னாங்க, இது தீனிக்குத்தான் ஆகும்னு."

"சோத்துப்பானையைப் பாத்தா பெத்த தாயை மறக்குற ஜோலா, தீனியைப் பத்திப் பேசுறான் பாருங்கய்யா."

சிரித்துக்கொண்டே இருவரும் தோளில் கை போட்டு ஒரே வாசலில் சேர்ந்து நுழைந்தார்கள். வாசல் கொஞ்சம் குறுகல். லாதிர் ஃபாய் பக்கவாட்டாகத் திரும்ப வேண்டியிருந்தது.

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: "இரு தலைவர்களும் மனமார்ந்த கருத்துகளைப் பரிமாறிக்கொண்டனர்." அரசாங்கக் குறிப்பில் அடிமை என்ற சொல்லை எழுத முடியாது. நாளடைவில் எனக்கென்று ஒரு அகராதியே உண்டாகிவிட்டது. அடிமை என்றால் மதிப்பிற்குரிய சகா. திருட்டுப்பயல் என்றால் வள மேலாண்மையில் அனுபவமிக்கவர். உன் தாத்தா எங்கள் வீட்டு ஆட்டோடு ஓடிப்போனார் என்றால் கால்நடைத் துறையில் நீண்டகால உறவு.

இப்படி வைதுகொண்டேதான் வேலை நடந்தது. வெங்காய விவகாரத்தில் எங்கள் தரப்பு பிடிவாதம் பிடித்தபோது, கெபா ஜாத்தா எழுந்து, "எஜமான், எனக்கு வெள்ளிக்கிழமை வேணும். உன் முறைக்காரன் கேக்குறேன்" என்றார். லாதிர் ஃபாய் நெற்றியில் அடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமையைக் கொடுத்தார். மூன்று மாதமாக நிபுணர்கள் வரைபடம் போட்டுப் பேசிய விஷயம், ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

ஒன்பதாம் பிரிவில் மட்டும் இது பலிக்கவில்லை. ஏனென்றால் அங்கே தலைவர்களை மீறி குடிவரவு அதிகாரி ஒருவர் உள்ளே வந்துவிட்டார். அவர் எழுப்பிய கேள்விக்கே மூன்று அமர்வுகள் ஆயின. கர்ப்பிணி எல்லை தாண்டும்போது தாண்டுவது ஒரு ஆளா, இரண்டு ஆளா? இரண்டு என்றால் இரண்டாம் நபரின் அடையாள அட்டை எங்கே? அவர் அங்கேயே பிறந்து திரும்பி வந்தால், போகாதவர் வந்ததாகுமே?

ஐந்தாம் கூட்டத்தில் நீமா சானேயை நிபுணர் என்ற முறையில் பத்து நிமிடம் அழைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும். நீலச் சீருடை, அதன் மேல் பூப்போட்ட துணி, ரப்பர் செருப்பு. குடிவரவு அதிகாரி தன் கேள்வியை முழுதாகப் படித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பொறந்தா ஆளு. பொறக்கலேன்னா அது அவ வயிறு" என்றாள். "வயித்துக்குத் தனியாச் சீட்டுக் குடுக்குற வழக்கம் இருந்தா சொல்லுங்க. முதல்ல இந்த ஃபாய்க்குக் குடுங்க. அவரு வர்றதுக்கு அரை நிமிஷம் முன்னாடியே அவரு வயிறு எல்லை தாண்டிருது."

ஜோலாப் பெண், உரிமையோடு சொல்கிறாள். லாதிர் ஃபாய் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அக்கா, உன்னை வித்தாக்கூட ஒரு மூட்டைக் கடலை தேறாது."

"தேறாதுதான். உன்னை வித்து வாங்குன கடலையே இன்னும் தீரலையே."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் அதே குரலில் சொன்னாள்: "போன மழைக்காலத்துல ஒருத்தி. கம்பத்துக்கு இந்தப் பக்கம், வண்டியிலேயே பெத்தா. விடிஞ்சா திறப்பாங்கன்னு உக்காந்திருந்தோம். புள்ளை இருக்கு. அவ இல்லை."

பத்து நிமிடம் முடிந்ததென்று யாரோ நினைவூட்டினார்கள். நான் எழுதினேன்: "நிபுணர் சில புள்ளிவிவரங்களை வழங்கினார்."

அதற்குப் பிறகும் ஒன்பது கூட்டங்கள் நடந்தன. ஆம்புலன்ஸ் என்று போடுவதா, மருத்துவ ஊர்தி என்று போடுவதா என்று ஒரு சண்டை. சில ஊர்களில் குதிரை வண்டியில் வருகிறார்கள், குதிரை மருத்துவ ஊர்தியா என்று அதற்குள் ஒரு சண்டை. கடைசியில் "நோயாளியைச் சுமந்து வரும் எதுவும்" என்று முடிவானது, கையெழுத்து விழாவன்று காலை எட்டு மணிக்கு. மற்ற பிரிவுகள் அனைத்தும் அச்சாகித் தயாராக இருந்தன. ஒன்பதாம் பிரிவை மட்டும் இரண்டு தனித் தாள்களில் அவசரமாக அடித்து, ஆளுக்கொரு பிரதியில் செருகிவிட்டு நாடா கட்டலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விழா இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நடந்தது. பந்தல் போட்டு, சுண்ணாம்புப் பொடியால் எல்லைக்கோடு வரைந்து, கோட்டின் மேல் மேஜையை வைத்திருந்தார்கள். மேஜையின் இரண்டு கால் எங்கள் நாட்டில், இரண்டு கால் அவர்கள் நாட்டில். அமைச்சர்களுக்கு இரண்டு பட்டு நாற்காலிகள். இரண்டு அமைச்சர்களும் கடைசியில் வருபவராக இருக்க விரும்பியதால், ஆளுக்கொரு பக்கம் இருபது கிலோமீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, மற்றவர் வந்துவிட்டாரா என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். விழா முடியும்வரை இருவரும் வரவில்லை. நாற்காலியில் ஒரு கோழி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது.

நட்புறவு விழாவின் பாதுகாப்புக்காக விடியற்காலையிலிருந்து எல்லையை மூடியிருந்தார்கள். இரண்டு பக்கமும் மீன்காரிகள் கூடைகளோடு நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வசவுக்கும் கேலி முறைக்கும் சம்பந்தமில்லை. கையெழுத்தாகி, இரு தலைவர்களும் சேர்ந்து கை காட்டினால்தான் கம்பத்தைத் தூக்க வேண்டும் என்பது காவலர்களுக்கு எழுத்தில் வந்த கட்டளை.

வம்சம் பாடுகிறவளை அழைத்தது லாதிர் ஃபாய். "வெறும் கையெழுத்துன்னா நிலம் வித்த மாதிரி இருக்கும். தலைவருங்க ரெண்டு பேர் வம்சத்தையும் பாடி வைக்கணும். சரித்திரம்னா சும்மாவா" என்று ஒரு வாரம் முன்பே தெனெம்பா சூசோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். சூசோக்கள் பரம்பரைப் பாணர்கள். யார் வம்சத்தையும் கேட்டு விசாரித்து, சரிபார்த்துத்தான் பாடுவார்கள்.

கேள்விப்பட்ட அன்று கெபா ஜாத்தா, "அதெல்லாம் எதுக்கு எஜமான்? எங்க வம்சம் சின்னது. பாடுனா சட்டுனு முடிஞ்சிரும்" என்றார். இரண்டு வருடங்களில் வசவு இல்லாமல் அவர் பேசிய முதல் பேச்சு அது. நான் கவனித்தேன். குறிப்பேட்டில் எழுத அதில் ஒன்றுமில்லை.

தெனெம்பா சூசோ பெரிய உடம்புக்காரி, பெரிய குரல். முதலில் ஃபாய் வம்சத்தை எடுத்தாள். பதினோரு தலைமுறை. ஒவ்வொரு பெயருக்கும் லாதிர் ஃபாய் ஒரு விரற்கடை உயர்ந்தார். பிறகு அவள் கெபா ஜாத்தா பக்கம் திரும்பிக் கைகளை விரித்தாள்.

"கெபா, மாமாதுவின் மகன். மாமாது, ஹம்மாதி ஜல்லோவின் மகன். ஃபூத்தா ஆற்றங்கரையில் மாடு மேய்த்த ஜல்லோ. ஒரு கைப்பை, ஒரு மண்வெட்டியோடு கடலைக் காட்டுக் கூலியாக வந்தான் மாமாது. ஜாத்தா வீடு அவனுக்குப் பாய் தந்தது, பெண் தந்தது, பெயரும் தந்தது. வந்தவனைத் தன்னவன் என்ற வீடு வாழ்க. அந்த வீட்டுச் சோற்றை மறக்காத மகன் வாழ்க."

அவள் புகழ்ச்சியாகத்தான் பாடினாள். கூட்டத்தில் பாதிப்பேர் கைதட்டவும் செய்தார்கள். பந்தலில் முன்வரிசை மட்டும் அசையவில்லை.

லாதிர் ஃபாய் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். அதை மெதுவாக மூடினார்.

"நீங்க ஜோலா இல்லையா, மிஸ்டர் ஜாத்தா?"

அந்த "நீங்க" என்ற சொல்லில்தான் விஷயம் விளங்கியது. இரண்டு வருடமாக டேய், அடிமை, தடியா என்று கூப்பிட்ட வாயில் மரியாதை வந்துவிட்டது. எங்கள் ஊரில் மரியாதைதான் முதல் அடி. இதன் பொருளையும் சொல்லிவிடுகிறேன். முறைக்காரன் வைதால் அது உறவு. முறை இல்லாதவன் அதே வார்த்தையைச் சொன்னால் அது வசவு. அப்படியானால் இரண்டு வருடமாக ஒரு அயலான் செனகல் அரசின் பிரதிநிதியை அடிமை என்றிருக்கிறான், திருடன் என்றிருக்கிறான், அவர் தாயார் ஓட்டை ஓடத்தில் போனதாகச் சொல்லியிருக்கிறான். பதினான்கு கூட்டங்களின் வசவும் ஒரே நொடியில் நிஜ வசவாகிவிட்டது.

"இல்லை" என்றார் கெபா ஜாத்தா.

"எங்க தாயாரைப் பத்தி நீங்க பேசினதெல்லாம்..."

"பேசினேன்."

"தாப்சிர், குறிப்பேட்டை எடு. இவர் என்னென்ன சொன்னாருன்னு படி. எல்லாம் பதிவாகட்டும்."

எடுத்தேன். புரட்டினேன். மொத்தம் அறுநூறு பக்கம். "மதிப்பிற்குரிய சகா என்று சொல்லியிருக்கிறார், ஐயா" என்றேன். "எழுபத்து மூன்று இடத்தில். கால்நடைத் துறையில் நீண்டகால உறவு என்பது நாலு இடத்தில்."

லாதிர் ஃபாய் என்னைப் பார்த்த பார்வையை எந்த அகராதியிலும் போட முடியாது.

"இன்னைக்குக் கையெழுத்து இல்லை" என்றார். "விஷயத்தை ஒரு துணைக் குழு பார்க்கட்டும்." துணைக் குழு என்றால் எங்களுக்கு ஒரு வருடம். எதிரே காம்பியத் தரப்பு அதிகாரிகள் தங்கள் தலைவரைப் பார்க்காமல் மேஜை விரிப்பைப் பார்த்தார்கள். கெபா ஜாத்தா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் காம்பியக் கம்பத்தின் அடியில் குனிந்து நுழைந்து நீமா சானே வந்தாள். ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தாள். சுண்ணாம்புக் கோட்டை மிதித்தபடி மேஜை முன் நின்றாள்.

"செய்னாபு வண்டியில கிடக்கா. ரெட்டை. முதல் புள்ளை குறுக்கே நிக்குது. நான் திருப்பிப் பாத்துட்டேன், திரும்பலை. கத்தி வைக்கணும். அந்தக் காவக்காரன் மாலான் கம்பத்தைத் தூக்க மாட்டேங்கிறான். கையெழுத்து ஆனாத்தான் தூக்குவானாம். ஆயிருச்சா?"

"ஒரு வம்சப் பிரச்சினை, அக்கா" என்றேன்.

"யாரு வம்சம்?"

சொன்னேன். அவள் கெபா ஜாத்தாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பாடினியிடம் திரும்பினாள். "சூசோ, நான் ஜோலாதானே? இதுல ஒண்ணும் சந்தேகம் இல்லையே?"

"ஒன்பது தலைமுறை சுத்த ஜோலா. பாடவா?"

"வேண்டாம், நேரமில்லை." அவள் லாதிர் ஃபாயின் பக்கம் கையை நீட்டினாள். "ஃபாய், நான் உன் முறைக்காரி. கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. கையெழுத்தைக் குடு."

லாதிர் ஃபாய் தலைகுனிந்தார். கெட்டவரில்லை அவர், ஒரு நாட்டின் சார்பாகக் கோபப்படக் கிடைத்த மனிதர், அவ்வளவுதான். "நான் குடுத்துருவேன் அக்கா. ஆனா ரெண்டு பேரு போடணும். பக்கத்துல போடுறவர் யாருன்னே எனக்குத் தெரியலை. ரெண்டு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கார்."

"ஏமாத்தலை" என்றார் கெபா ஜாத்தா. மெதுவாகத்தான் சொன்னார். அந்த அமைதியில் கடைசி வரிசைவரை கேட்டது. "எங்கப்பன் சாகுறவரைக்கும் அந்த வீட்டுல எல்லாரும் அவரை ரொம்ப மரியாதையாத்தான் பேசுவாங்க. என்னையும் பள்ளிக்கூடத்துல, ஆபீஸ்ல, எல்லாரும் மரியாதையாத்தான் பேசுனாங்க. அம்பத்தாறு வயசு ஆச்சு எனக்கு. முதல் நாள் இங்க வெயில்ல நிக்கிறப்போ நீங்க டேய் அடிமைன்னீங்க. என்னை ஒருத்தர் முறை வெச்சு வைதது அதான் முதல் தடவை. இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. லாதிர் ஃபாய் தன் காலணியைப் பார்த்தார்.

நீமா சானேதான் பேசினாள். "ஃபூத்தான்னா சொன்னே, சூசோ? ஆத்தங்கரை ஃபூத்தாவா?"

"அதேதான்."

"அப்ப என்னய்யா பிரச்சினை? ஃபூத்தாக்காரனும் செரெருக்குக் கேலி முறைதானே. எங்களைவிடப் பழைய அடிமைங்க." அவள் லாதிர் ஃபாயின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "சரியான ஆளைத்தான் வைதிருக்கே. வசவுதான் தப்பு. மாத்தி வை. சீக்கிரம்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிவரவு அதிகாரி ஏதோ விதியைத் தேடுவது போல மேலே பார்த்தார். லாதிர் ஃபாய் யோசித்தார். அவர் முறை தெரிந்தவர். முறை தவறாமல் எதையும் செய்ய முடியும் என்றால் செய்துவிடுவார். தொண்டையைச் செருமினார்.

"டேய்" என்றார். அந்தச் சொல் வெளியே வந்ததும் அவருக்கே மூச்சு இறங்கியது. "மாட்டுக்காரப் பயலே. கன்னுக்குட்டிக்காகச் சொந்தத் தம்பியை அடமானம் வைக்கிற கூட்டம்டா உங்க கூட்டம். ரெண்டு வருஷமா சோறு திங்கிறவன்னு வேற திட்டித் தொலைச்சேன். பால் குடிக்கிறவன்னுல்ல திட்டியிருக்கணும்."

கெபா ஜாத்தா வாயைத் திறந்தார். "எஜமான்" என்றார் பிறகு. "நீ திட்டுனது சோத்துக்கும் சேரலை, பாலுக்கும் சேரலை. செரெர் மூளைக்கு அவ்வளவுதான் எட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க பாட்டன் ஒரு நோஞ்சான் பசுவைக் குடுத்து உங்க பாட்டனை வாங்குனாரு. பசுவைத் திருப்பிக் குடுங்கன்னு இன்னும் கேட்டுக்கிட்டிருக்கோம்."

"போதும்" என்றாள் நீமா. "மிச்சத்தை நான் வந்து கேட்டுக்கிறேன். கையெழுத்து."

அவசரம் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, ஒன்பதாம் பிரிவை மட்டும் உரக்கப் படித்தேன். இரண்டு பக்கக் காவலர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கத்திப் படித்தேன். "நோயாளியைச் சுமந்து வரும் எதற்கும், எந்த நேரத்திலும், எந்தக் கேள்வியும் இன்றி." தாளை மடித்துக்கொண்டு, மேஜையில் ஒப்பந்தப் பிரதிகளை வைத்தேன். இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். மாலான் சங்கிலியை உருவினான். எங்கள் பக்கத்துக் காவலனும் உருவினான்.

வண்டி பந்தலுக்குள்ளேயே வந்தது, வேறு வழி இல்லை. மேஜையை அதிகாரிகளே தூக்கி நகர்த்தினார்கள். கோழி பறந்தது. பின்கதவின் இடுக்கில் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது, மருதாணி போட்ட பாதம். வண்டி போன பிறகு சுண்ணாம்புக் கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜையைத் திரும்ப எங்கே வைப்பது என்று குழம்பி, ஓரமாக வைத்துவிட்டார்கள். மீன்காரிகள் திறந்த கம்பத்தைக் கண்டு கூடைகளோடு இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே வந்துவிட்டார்கள். நட்புறவு விழா சந்தையாகத்தான் முடிந்தது.

சாயங்காலம் செய்தி வந்தது. இரண்டும் பெண். தாயும் நலம். தங்கள் பெயரைத்தான் வைப்பார்கள் என்று இரண்டு தலைவர்களும் தனித்தனியே எதிர்பார்த்திருந்தார்கள். ஆண் பிள்ளையானால் லாதிர், கெபா என்று. எங்கள் பக்கம் பெண் இரட்டையர்களுக்கு எப்போதும் அவா, அதமாதான். அதையே வைத்தார்கள்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆண்டுதோறும் அதே நாளில் பந்தல் போட்டு நட்புறவு தினம் கொண்டாடுகிறார்கள். அன்று மட்டும் எல்லையை மூடுகிறார்கள். நோயாளி வண்டி வந்தால் திறக்கிறார்கள். லாதிர் ஃபாய் பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு வருடமும் தவறாமல் வந்து, ஒரு மணி நேரம் கெபா ஜாத்தாவை மாட்டுக்காரன் என்று வைதுவிட்டுப் போகிறார். புதிய அமைச்சர்கள் ஒன்பதாம் பிரிவை வானளாவப் புகழ்ந்து பேசுகிறார்கள். போன வருடம் ஒருவர் அது கண்டத்துக்கே வழிகாட்டி என்றார்.

நீமாவின் கணக்கில் இதுவரை நூற்றுப் பதினெட்டுப் பெண்கள் அந்தக் கம்பங்களைத் தாண்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒருத்தி குதிரை வண்டியில் வந்தாள். மாலானிடம் ஒரு புது அதிகாரி, யார் உத்தரவில் திறக்கிறாய் என்று கேட்டாராம். "ஒன்பதாம் பிரிவுங்கய்யா. என் காதால கேட்டேன்" என்றானாம். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவரும் படித்ததில்லை. யாரும் படித்ததில்லை.

விழா முடிந்த மறுவாரம் என் மனைவி சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து கூழாகிப்போன இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினாள். அதற்குள் இரண்டு பிரதிகளும் நாடா கட்டி, அரக்கு வைத்து, இரண்டு தலைநகரங்களுக்கும் போய்விட்டிருந்தன. சொன்னால் குழு மறுபடி கூடும். குடிவரவு அதிகாரி இப்போது பதவி உயர்ந்திருக்கிறார். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தில் எட்டாம் பிரிவுக்கு அடுத்தது பத்தாம் பிரிவு.